பல்கர் காலியாகும் கடைசிப் பத்து நிமிடம்: சைலோ தூசியை அடக்கும் வேலை

ஆர்.எம்.சி. (ரெடி-மிக்ஸ் கான்கிரீட்) பிளான்ட்டை ஒட்டிக் குடியிருப்பவர்களைக் கேட்டால் நாள் முழுக்கத் தூசி பறக்கிறது என்பார்கள். ஜல்லியும் எம்-சாண்டும் கிளப்பும் தூசி நாள் முழுக்க உண்டுதான். ஆனால் மொட்டைமாடித் துணியிலும் கார் கண்ணாடியிலும் படிந்து, பனி பட்டதும் ஒட்டிக்கொள்ளும் அந்தச் சாம்பல் நிறப் படலம் வேறு. தொட்டியில் பவுடரைக் கொண்டுவரும் பல்கர் லாரி, அதைக் காற்றால் ஊதி சைலோ என்ற உயரமான சேமிப்புத் தொட்டிக்குள் இறக்கும்போது, சைலோ உச்சியிலிருந்து வருவது அது. அதிலும் லோடு முடியப்போகிற கடைசிப் பத்து நிமிடத்தில்தான் அதிகம் வரும்.

சிமென்ட்டோ ஃப்ளை ஆஷோ (அனல்மின் நிலையச் சாம்பல்) தானாகப் பறப்பதில்லை, காற்றுதான் தூக்கிக்கொண்டு போகிறது. பல்கரிலிருந்து சைலோவுக்குப் பவுடரைத் தள்ள எவ்வளவு காற்றை விடுகிறோமோ, அவ்வளவும் சைலோவை விட்டு வெளியேறியாக வேண்டும். எங்கே, எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டால் தூசியைத் தனியாகப் பார்க்க வேண்டியதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 30 டன் ஏற்றும் பல்கரின் தொட்டி சுமார் 30 கன மீட்டர். அதிலுள்ள கம்ப்ரஸர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்று தரும். சைலோ உச்சியில் பரவலாக இருப்பது 24 சதுர மீட்டர் ஃபில்டர். சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் என்று வைத்தால், அது நிமிடத்துக்கு 24 கன மீட்டர் தாங்கும். ஆக, லோடு ஓடிக்கொண்டிருக்கும் வரை ஃபில்டருக்குச் சிரமமில்லை. பவுடர் தீரும்போது நிலைமை மாறுகிறது. தொட்டிக்குள் 1.5 பார் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கும் காற்று, வெளியே வந்து விரிந்தால் 45 கன மீட்டர். குழாயை அடைத்துக்கொண்டு பவுடர் ஓடும்போது மெதுவாகப் போன காற்று, பவுடர் தீர்ந்ததும் ஒன்றரை நிமிடத்தில் பாய்ந்துவிடும். அதாவது நிமிடத்துக்கு 30. கம்ப்ரஸரையும் நிறுத்தாமல் விட்டால் அதன் 10 சேர்ந்து 40. குழாயில் ஒட்டியிருந்த மிச்சப் பவுடரையும் அடித்துக்கொண்டு அது போய் 24 தாங்கும் ஃபில்டரில் மோதுகிறது. சைலோவுக்குள் அழுத்தம் ஏறி, அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் ரிலீஃப் வால்வின் மூடி தூக்கிக்கொள்கிறது. தெருவில் நிற்பவர் பார்க்கும் புகை அதுதான்.

இதைத் தடுக்க ஒரு பைசா செலவில்லை, வால்வைத் திருப்ப ஓர் ஆள் பக்கத்தில் நின்றால் போதும். ஆரம்பத்தில் பவுடர் இல்லாமல் வெறும் காற்றை லைனில் விட்டு, குழாயில் அடைப்போ கப்ளிங்கில் கசிவோ இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு தொட்டி அழுத்தத்தை 1 பாரிலிருந்து 1.5 பாருக்குள் வைத்துக்கொண்டு தொட்டியின் அடியிலுள்ள கோன்களை (புனல்களை) ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். 30 டன்னுக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். 2 பாருக்கு ஏற்றினால் சீக்கிரம் முடியும் என்பது டிரைவர்களின் நம்பிக்கை. ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அந்தக் கூடுதல் காற்று முழுவதும் கடைசியில் சைலோ தலையில்தான் விடியும்.

லோடு தீரப்போவது கையிலேயே தெரியும். விறைத்துக் கனமாக இருந்த ஹோஸ் லேசாகி உதற ஆரம்பிக்கும். மந்தமாக இருந்த ஓசை சீறலாக மாறும். கேஜ் முள் விழத் தொடங்கும். அந்த நேரத்தில் கம்ப்ரஸரின் வேகத்தைக் குறைத்து, டிஸ்சார்ஜ் வால்வைப் பாதிக்கு மேல் மூடி, மிச்சக் காற்றை ஐந்தாறு நிமிடம் எடுத்து மெதுவாக விட வேண்டும். "தொட்டியைச் சுத்தமா ஊதிடறேன் சார்" என்று முழு அழுத்தத்தோடு வால்வைத் திறந்து மூடித் திறந்து அடிப்பதுதான் மோசம். தொட்டியில் ஒட்டியிருக்கும் நாற்பது ஐம்பது கிலோ இறங்கிவிடும் என்பது கணக்கு. அதற்கு ஃபில்டரைப் பலி கொடுக்கிறார்கள். டிரைவரைத் திட்டிப் பலனில்லை, அவருக்கு டிரிப் கணக்கில் படி. நிதானமாக இறக்கினால் அவருக்கு நஷ்டம் வராத மாதிரி ஏற்பாடு செய்வது பிளான்ட் நிர்வாகத்தின் வேலை. லோடு இறக்கக் குறைந்தது 50 நிமிடம் என்று கேட் பாஸிலேயே எழுதி, கடைசிப் பத்து நிமிடம் பிளான்ட் ஆள் ஒருவர் வால்வு பக்கத்தில் நின்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இறக்கி முடித்ததும் கேஜ் பூஜ்யத்தைக் காட்டாமல் கப்ளிங்கைக் கழற்றக் கூடாது. 0.2 பார் மீதி இருந்தால்கூட ஹோஸ் நுனி ஆளை அடிக்கும், முகமெல்லாம் சிமென்ட் ஆகும். கழற்றியதும் ஹோஸைத் தரையில் போட்டு இழுக்காமல், பல்கர் பக்கத்து முனையைத் தூக்கிப் பிடித்து, மறுமுனையை ஒரு சாக்குக்குள் விட்டு வடித்துவிட வேண்டும். ஹோஸில் தங்கும் மூன்று நான்கு கிலோதான் லாரி டயரில் மிதிபட்டு அன்று முழுக்கப் பறக்கும்.

ரிலீஃப் வால்வின் மேல் செங்கல் வைக்காதீர்கள்

புகை அந்த வால்விலிருந்து வருகிறது என்பதால் அதை அடைக்கத் தோன்றும். மூடி மேல் சிமென்ட் மூட்டையை வைத்திருப்பதையும், கம்பி போட்டுக் கட்டியிருப்பதையும் பல பிளான்ட்களில் பார்க்கலாம். சைலோ வால்வுகள் பொதுவாக 500 மி.மீ. நீர்மட்ட அழுத்தத்தில் திறக்கும்படி வருகின்றன. அது 0.05 பார். பல்கர் தொட்டியில் டிரைவர்கள் ஏற்றும் 2 பார் அதைப்போல் நாற்பது மடங்கு. 3 மீட்டர் விட்டமுள்ள சைலோ கூரையை அந்த 500 மி.மீ. அழுத்தமே மூன்றரை டன் எடைக்குச் சமமாக மேலே தள்ளுகிறது. இன்னும் இரண்டு மடங்கு ஏறினால் கூரை வெல்டிங் பிளக்கலாம், ஃபில்டர் பெட்டி போல்ட்டோடு பிய்த்துக்கொண்டு கீழே வரலாம். சைலோவிலிருந்து வேகமாகச் சரக்கு இறங்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது வெளிக்காற்றை உள்ளே விடுவதும் இதே வால்வுதான். அடைத்து வைத்தால் சைலோ உள்நோக்கி நசுங்கும்.

வால்வு திறக்கிறது என்றால் வேறெங்கோ கோளாறு. ஃபில்டர் அடைத்திருக்கலாம், சைலோ நிரம்பியிருக்கலாம், டிரைவர் அடித்து விட்டிருக்கலாம். ஒருமுறை திறந்து மூடும்போது மூடியின் உட்காரும் இடத்தில் சிமென்ட் படியும். இரவுப் பனியில் அது இறுகும். அடுத்த முறை ஒன்று திறக்காது, இல்லையென்றால் சரியாக மூடாமல் எப்போதும் லேசாகக் கசிந்துகொண்டிருக்கும். வாரம் ஒருமுறை, லோடு இறங்காத நேரத்தில், மூடியைக் கையால் தூக்கிப் பார்த்து, சீட்டைச் சுரண்டித் துடைத்து வைக்க வேண்டும். சேஃப்டி பெல்ட்டோடு ஏறி இறங்கப் பத்து நிமிடம் ஆகும் வேலை.

ஃபில்டர் அடைத்ததா என்பதைக் கீழே நின்றே பார்க்கலாம்

ஃபில்டரை அதிகம் கெடுப்பது ஈரம். கார்ட்ரிஜையோ பையையோ தட்டிச் சுத்தம் செய்ய 5 முதல் 6 பார் அழுத்தத்தில் காற்றைப் படீரென்று உள்ளே அடிக்கிறோம், இதைத்தான் பல்ஸ் என்கிறோம். அந்தக் காற்றோடு கம்ப்ரஸரிலிருந்து தண்ணீரும் போனால் துணியில் படிந்த சிமென்ட் அங்கேயே கல்லாகிவிடும். ஏர் ரிசீவரின் (கம்ப்ரஸர் காற்றைச் சேர்த்துவைக்கும் தொட்டியின்) அடி வால்வைத் தினம் காலையில் திறந்து தண்ணீரை வடிப்பது இதற்காகத்தான். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வடிக்க வேண்டியிருக்கும். ஃபில்டர் மேல்மூடியின் ரப்பர் விளிம்பு காய்ந்து வெடித்திருந்தால் மழைத்தண்ணீர் நேராகச் சுத்தமான பக்கத்தில் இறங்கும். ஆவணி, புரட்டாசியிலேயே அதை மாற்றிவிடுவது நல்லது. ஐப்பசி மழையில் சைலோ உச்சியில் ஏறி ஸ்பேனர் பிடிப்பது யாருக்கும் உவப்பான வேலையில்லை.

ஃபில்டரின் நிலையை அறிய விலை கூடிய கருவி வேண்டியதில்லை. சைலோ மேற்பகுதியில் ஒரு சிறு நிப்பிள் வைத்து, அதிலிருந்து ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைக் கீழே கொண்டுவந்து, ஒரு பலகையில் யு வடிவில் வளைத்துக் கட்டி, நிறம் கலந்த தண்ணீரை ஊற்றி, பின்னால் ஸ்கேல் ஒட்டிவிடுங்கள். வளைவின் மறுமுனை வெளிக்காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் சைலோவுக்குள் இருக்கும் அழுத்தம். லோடு ஓடும்போது 50 முதல் 100 மி.மீ. வரை காட்டினால் ஃபில்டர் மூச்சு விடுகிறது. 150ஐத் தாண்டி நின்றால் அடைத்துவிட்டது. 300க்குப் போனால் லோடை நிறுத்திவிட வேண்டும், வால்வு திறக்கும் வரை காத்திருப்பதில் அர்த்தமில்லை. நிப்பிளில் பவுடர் புகுந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் அதன் வாயில் ஒரு துண்டு ஃபில்டர் துணியைக் கட்டிவிடுவது அவசியம். இல்லையென்றால் ஸ்கேல் எப்போதும் நல்ல செய்தியே சொல்லும்.

இன்னொன்று, லோடு முடிந்ததும் ஃபில்டர் சுவிட்சை அணைத்துவிடும் பழக்கம். காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது பல்ஸ் அடித்தால் துணியிலிருந்து உதிரும் மெல்லிய பவுடரை மேலேறும் காற்றே மறுபடி துணியில் அப்பிவிடும். லோடு முடிந்து காற்று அடங்கிய பிறகு 10 நிமிடம் பல்ஸ் ஓடினால்தான் துணி உண்மையில் சுத்தமாகும். ஒரு டைமர் போட்டுவிட்டால் யாரும் நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை. பல்ஸ் வால்வுகள் ஒவ்வொன்றாக வேலை செய்கின்றனவா என்பதைக் காதாலேயே பிடிக்கலாம். வரிசையாக 'டப், டப்' என்று வரும் சத்தத்தில் ஓர் இடம் விட்டுப்போனால் அந்த வால்வின் டயஃப்ரமோ காயிலோ போய்விட்டது. தொடர்ந்து 'உஸ்ஸ்' என்று கேட்டால் டயஃப்ரம் கிழிந்து, ரிசீவர் காற்று வீணாகிக்கொண்டிருக்கிறது.

வால்வு திறக்காமலே ஃபில்டர் பெட்டியிலிருந்து புகை வந்தால் ஏதோ ஒரு பை கிழிந்திருக்கும். மேல்மூடியைத் திறந்து சுத்தமான பக்கத்தைப் பாருங்கள். கிழிந்த பையின் வாயைச் சுற்றி மட்டும் பவுடர் வால்போலப் படிந்திருக்கும்.

100 டன் சைலோவில் 100 டன் ஃப்ளை ஆஷ் போகாது

இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. சிமென்ட்டை வைத்துத்தான் சைலோவுக்கு டன் கணக்கு எழுதுகிறார்கள். எண்ணூர் பக்கத்திலிருந்தோ மேட்டூரிலிருந்தோ வரும் ஃப்ளை ஆஷ் எடை குறைந்தது. சிமென்ட்டுக்கு 100 டன் என்று எழுதிய சைலோவில் அது 60, 65 டன்தான் பிடிக்கும். போதாததற்கு, ஊதி ஏற்றிய பவுடர் உடனே அடங்காது, காற்றோடு நுரைத்து உயர்ந்து நிற்கும். காலையில் பார்த்தால் மட்டம் இறங்கியிருக்கும். ஸ்டாக் கணக்கில் இடம் இருக்கிறது என்று பல்கரைக் கூப்பிட்டு, பாதி லோடில் ஃபில்டருக்குள்ளேயே பவுடர் ஏறிவிட்டால், பிறகு கார்ட்ரிஜ் அத்தனையும் வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும்.

30 டன் பல்கர் வர வேண்டுமென்றால், அந்தந்தப் பொருளின் கணக்கில், குறைந்தது 35 டன் இடம் இருக்க வேண்டும். மேல்மட்ட சென்ஸாரை ஃபில்டர் அடிப்பகுதியிலிருந்து ஒரு மீட்டராவது கீழே வைத்து, அதன் ஹார்ன் லோடு இறக்கும் இடத்தில் கேட்கும்படி வைக்க வேண்டும். பல பிளான்ட்களில் ஹார்ன் கன்ட்ரோல் கேபினுக்குள் ஏசி சத்தத்தோடு சேர்ந்து ஒலிக்கிறது, பல்கர் டிரைவருக்கு எதுவும் கேட்பதில்லை. ஃபில் பைப் ஒவ்வொன்றுக்கும் மூடியும் பூட்டும் போட்டு, சாவி ஸ்டோர்ஸில் இருக்கட்டும். ஸ்டாக்கைப் பார்த்த பிறகே சாவி கைமாறும். சிமென்ட் சைலோவில் ஃப்ளை ஆஷ் ஏற்றிவிடும் விபத்தும் இதோடு நிற்கும்.

ஃபில் பைப்பைப் பற்றிச் சுருக்கமாக: 4 இஞ்ச் பைப், வளைவுகள் ஒரு மீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஃப்ளை ஆஷ் எல்போவை உள்ளிருந்து தேய்த்துத் துளை போட்டுவிடும். வெளி வளைவின் மேல் முன்கூட்டியே ஒரு பட்டைத் தகடு வெல்டிங் செய்து வைத்தால், துளை விழுந்தாலும் அடுத்த ஷட்டவுன் வரை தாங்கும். கப்ளிங் வாஷர் ஐம்பது நூறு ரூபாய்ச் சமாச்சாரம், டிராயரில் பத்து வாங்கிப் போட்டுவைக்கலாம்.

மிக்ஸர் பக்கம்

ஒரு கன மீட்டர் மிக்ஸருக்குள் ஜல்லியும் மணலுமாக 1,800 கிலோ விழும்போது, உள்ளே இருந்த காற்று ஒரு சில நொடியில் வெளியேற வேண்டும். அதே நேரத்தில் 350 கிலோ சிமென்ட் மேலிருந்து இறங்குகிறது. மிக்ஸருக்கும் சிமென்ட் வெயிங் ஹாப்பருக்கும் இடையில் காற்று போய்வர ஒரு பைப்பும், அதில் ஒரு வென்ட் பையும் இருக்கும். அந்தப் பை கல்லாகிப்போனால் காற்று எந்தச் சந்து கிடைத்தாலும் அதில் வரும். மிக்ஸர் டெக் முழுக்கச் சாம்பல் பூசியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

முதலாளிகள் காது கொடுத்துக் கேட்கும் காரணம் ஒன்று இங்கே உண்டு. வென்ட் அடைத்தால் ஹாப்பருக்குள் ஏறும் அழுத்தம் எடை பார்க்கும் லோட் செல்லைத் தள்ளும். சிமென்ட் எடை தவறாகக் காட்டும். கியூப் டெஸ்ட் (கான்கிரீட் வலிமைச் சோதனை) ரிசல்ட் ஏறி இறங்குவதற்குக் காரணம் தேடி, கலவையில் சேர்க்கும் ரசாயனமான அட்மிக்ஸ்சர் கம்பெனியைக் கூப்பிடுவதற்கு முன், அந்தத் துணிப் பையைக் கழற்றிக் கையால் பிசைந்து பாருங்கள். மொடமொடவென்று இருந்தால் மாற்றிவிடுங்கள். ஜல்லி, மணல், கொஞ்சம் தண்ணீர் போன பிறகு சிமென்ட் இறங்கும்படி டைமிங்கை இரண்டு மூன்று வினாடி தள்ளி வைத்தாலும் தூசி கண்ணுக்குத் தெரியக் குறையும்.

கொட்டியதை அள்ளுவதும் மூட்டை பிரிப்பதும்

கீழே கொட்டிய சிமென்ட்டைத் துடைப்பத்தால் பெருக்கினால் அது இடம்தான் மாறும். 10 மைக்ரான் அளவுள்ள சிமென்ட் துகள் அசைவில்லாத காற்றில் ஆளுயரத்திலிருந்து தரைக்கு வர ஏறத்தாழ மூன்று நிமிடம் ஆகும். 2 மைக்ரான் துகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். கண்ணுக்குத் தெரியும் தூசி அடங்கிய பிறகு மாஸ்க்கைக் கழற்றுபவர் மீதியைச் சுவாசிக்கிறார். மேலே இருப்பதைத் தட்டையான மண்வாரியால் மெதுவாக அள்ளிச் சாக்கில் போட்டுவிட்டு, மிச்சத்தை இண்டஸ்ட்ரியல் வேக்கம் கொண்டு உறிஞ்சலாம். அது இல்லாத இடத்தில் ஈர எம்-சாண்டைத் தூவிக் கூட்டலாம். ஃப்ளை ஆஷுக்குத் தண்ணீர் தெளிக்கலாம், சிமென்ட் குவியலுக்கு அது உதவாது. மேல்தோல் மட்டும் இறுகி, அடியில் காய்ந்த பவுடர் அப்படியே இருக்கும். தண்ணீரோடு அடித்துக் கழுவினால் வடிகால் அடைக்கும். ஏர் ஹோஸால் தரையையோ உடுப்பையோ ஊதுவதைப் பார்த்தால் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும்.

சைட்டில் 50 கிலோ மூட்டையாக வேலை செய்யும்போது பிரிப்பதைவிட, காலிச் சாக்கை உதறுவதில்தான் தூசி அதிகம். மூட்டையை ஈர மணல் மேல் படுக்கவைத்து, அடிப்பக்கம் நீளவாக்கில் கீறி, இரண்டு காதையும் பிடித்துத் தரையோடு ஒட்டி இழுத்தால் சிமென்ட் அப்படியே இறங்கிவிடும். இடுப்புயரத்திலிருந்து கொட்டும்போதுதான் மேகம் கிளம்புகிறது. சாக்கை உதறாமல், தட்டாமல், வாய்ப்பக்கத்தை உள்ளே மடித்துச் சுருட்டிக் கட்ட வேண்டும். பழைய சாக்கு விலைக்குப் போகும் என்பதால் சித்தாள்கள் மாலையில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டி அடுக்குவார்கள். அன்றைய வேலையில் அவர்கள் அதிகத் தூசி குடிப்பது அந்த நேரத்தில்தான். பட்டி, டைல் ஒட்டும் பசைப் பவுடர் எல்லாவற்றுக்கும் பக்கெட்டில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர். மாற்றிச் செய்தால் தூசியும் வரும், கட்டியும் வரும்.

முகத்தில் துண்டு கட்டுவது மூக்கு அரிப்பைக் குறைக்குமே தவிர நுண்துகளைத் தடுக்காது. ஐ.எஸ். 9473 முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி.2 மாஸ்க்கோ என்95 மாஸ்க்கோ வேண்டும். அடர்ந்த தாடியின் மேல் அது ஒட்டாது, ஓரத்தில் காற்று புகும். ஃப்ளை ஆஷில் படிக சிலிக்கா ஓரளவு உண்டு. இறுகிய கான்கிரீட்டை அறுக்கும்போதும் துளையிடும்போதும் அது இன்னும் அதிகமாகக் கிளம்பும். காற்றில் கலந்த படிக சிலிக்காவை ஐ.ஏ.ஆர்.சி. (சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை) 1997இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. சிமென்ட்டின் உடனடி ஆபத்து காரத்தன்மை. வியர்வையோடு சேர்ந்தால் கழுத்திலும் கணுக்காலிலும் புண்ணாக்கும். கண்ணில் விழுந்தால் தேய்க்காமல், இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிவிட்டு, எரிச்சல் அடங்கிவிட்டது என்று தோன்றினாலும் கண் டாக்டரிடம் போக வேண்டும். லோடு இறக்கும் இடத்திலிருந்து பத்தடிக்குள் ஒரு குழாய் வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். அது வெயிலில் கொதிக்கும் டேங்கிலிருந்து வரும் குழாயாக இருந்தால் மதியம் யாராலும் அதில் 20 நிமிடம் கண்ணைக் காட்ட முடியாது, நிழலில் ஒரு தனி டிரம்மிலிருந்து லைன் இழுத்துவிடுங்கள்.